உயிர் காக்கும் எண் 999

தீ, விபத்து, திடீர் நோய் ஆகியவை சொல்லிக்கொண்டு வருவதில்லை. அத்தகைய வேளையில் மலேசியர் நாட வேண்டிய எண் 999. இந்த எண் முதன்முதலாக 1937ஆம் ஆண்டு லண்டனில் அறிமுகமானது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன் அந்நகரில் ஒரு வீடு தீப்பற்றியது. அண்டை வீட்டார் செய்த அழைப்பு, மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. ஐந்து பெண்கள் மாண்டனர். அவசர அழைப்புக்குத் தனி வழி தேவை என்பதை அத்துயரம் உணர்த்தியது.

மலேசியாவில் முன்பு காவல் துறைக்கு 999, தீயணைப்புப் படைக்கு 994, பொதுத் தற்காப்புப் படைக்கு 991 எனத் தனித்தனி எண்கள் இருந்தன. பதற்றத்தில் இருப்பவர் எந்த எண்ணை அழைப்பது என்று தடுமாற நேரிடும். ஆகவே, 2007ஆம் ஆண்டில் இச்சேவைகள் 999 என்னும் ஒரே எண்ணின்கீழ் ஒருங்கிணைக்கப்பட்டன. இவ்வழைப்புக்குக் கட்டணம் இல்லை.

அழைப்பு முதலில் அழைப்பு மையத்தை அடைகிறது. அங்குள்ள பணியாளர் என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று கேட்டு, உரிய துறைக்கு அழைப்பை மாற்றிவிடுகிறார். அவரால் நடப்பதைப் பார்க்க இயலாது. அழைப்பவரின் சொற்களே அவருக்குக் கண்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜாலான் மாவார், ஜாலான் மெலாத்தி போன்ற பெயர்கள் பல தாமான்களில் உள்ளன. எனவே, சாலைப் பெயர் மட்டும் போதாது. வீட்டு எண், தாமானின் பெயர், அருகிலுள்ள கோவில் அல்லது பள்ளி ஆகியவற்றையும் கூற வேண்டும். பணியாளர் சொல்லும்வரை தொடர்பைத் துண்டிக்கக் கூடாது.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பார்வைக் குறைபாடு உடையோர் பலர் வாழ்கின்றனர். அவர்கள் குரலால் உதவி கேட்கலாம். செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்தோருக்குக் குரல்வழி அழைப்பு பயன்படாது. அவர்களையும் கருத்தில் கொண்டே ‘சேவ் மீ 999’ என்னும் செயலி உருவாக்கப்பட்டது.

இச்சேவைக்குப் பெரும் இடையூறாக இருப்பவை பொய் அழைப்புகள். ஒருவர் விளையாட்டாகப் பேசும் நேரத்தில், உண்மையாகவே உதவி தேவைப்படும் மற்றொருவர் காத்திருக்க நேரிடலாம். இத்தகைய அழைப்பு 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி குற்றமாகும்.

தமிழ் மட்டுமே அறிந்த தாத்தா பாட்டி வீட்டில் தனியே இருக்கும் நேரமும் உண்டு. வீட்டு முகவரியை மலாய்மொழியில் சொல்ல அவர்களைப் பழக்குவது, பேரப்பிள்ளைகள் இன்றே செய்யக்கூடிய உதவியாகும்.