வதரி நோக்கிய நடை: மூன்று திவ்யதேசங்களும் ஐந்து பதிகங்களும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வடநாட்டுத் திவ்யதேசங்களுள் திருக்கண்டமென்னும் கடிநகரும், திருப்பிரிதியும், திருவதரியாச்சிரமமும் ஒரே ஆற்றின் கரையில், ஒரே வழியில் அமைந்தவை. தேவப்ரயாகையில் உள்ள ரகுநாதன் ஸந்நிதியே கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமடத்தையே திருப்பிரிதி என்று பெரியோர் பலர் கொண்டு ஸேவித்து வருகின்றனர். அதற்கு மேலே சுமார் 45 கி.மீ. தொலைவில் வதரி. இன்று ரிஷிகேசத்திலிருந்து வண்டியில் புறப்படுவோர் ஓரிரு நாளில் மூன்று ஸந்நிதிகளையும் ஸேவித்துவிடுகிறார்கள். 1960களில் மோட்டார் சாலை வதரி வரை எட்டுவதற்கு முன்போ, ஏறக்குறைய 300 கி.மீ. நீளமுள்ள இவ்வழியை யாத்ரிகர்கள் கால்நடையாகவே கடந்தார்கள். வழிநெடுகச் 'சட்டி' எனப்படும் சிறு தங்குமிடங்கள் இருந்தன. அங்குள்ள கடையில் அரிசி, மாவு, பருப்பு வாங்கிச் சமைத்துக்கொள்பவருக்கு இரவு தங்க இடம் கிடைக்கும். அச்சட்டிகளில் ஒன்றின் நினைவாகவே ஹநுமான் சட்டி என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழங்குகிறது.

அந்த நடையை மீண்டும் மேற்கொள்ள விழையும் அடியார்கள் இன்றும் உளர். அவர்களுக்கும், நடக்க இயலாது இருந்த இடத்திலேயே இருப்பவர்களுக்கும் பயன்படும்படி, எந்த நாளில் எந்தப் பதிகத்தை அநுஸந்திப்பது பொருந்தும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நாள் 1 முதல் 4: ரிஷிகேசம் முதல் கண்டம் வரை (பெரியாழ்வார் திருமொழி 4-7)

நாளொன்றுக்கு 15 முதல் 20 கி.மீ. நடப்பதாகக் கொண்டால், தேவப்ரயாகைக்கு உள்ள சுமார் 70 கி.மீ. நான்கு நாள் வழியாகும். இந்நாட்களில் ஆறு எதிரே வருகிறது. நாம் அதற்கு எதிர்முகமாகச் செல்கிறோம். இதை மனத்தில் கொண்டே பெரியாழ்வாருடைய பதிகத்தை ஓதவேண்டும். சூர்ப்பணகையின் மூக்கையும் அவள் தமையனின் தலைகளையும் அறுத்த தாசரதியின் இருப்பிடம் இது என்று ஆழ்வார் தொடங்குகிறார். ரகுநாதன் ஸந்நிதிக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் உண்டோ? அடுத்து அவர் கங்கையின் பெருமையில் ஆழ்ந்துவிடுகிறார். நான்முகன் கையிலும், நாரணன் தாளிலும், சங்கரன் சடையிலும் தங்கி இழிந்த நீர் என்கிறார். சடைமுடியின் கொன்றையும் திருவடித் துழாயும் கலந்து வரும் நீர் என்கிறார்.

இங்கே ஒரு நுட்பத்தை உணரவேண்டும். அளகநந்தையும் பாகீரதியும் தேவப்ரயாகையில் கூடிய பிறகே கங்கை என்ற பெயர் வழங்குகிறது. நாம் இன்னும் திருவடியை அடையவில்லை; அவன் ஊர் பல நாள் வழிக்கு அப்பால் இருக்கிறது. ஆயினும் அத்திருவடியிலிருந்து புறப்பட்ட நீர் நம் காலடிக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. நாம் முதல் அடி எடுத்து வைப்பதற்கு முன்பே இது நிகழ்ந்துவிட்டது. நம் நடைக்கு முற்பட்டது அவனுடைய க்ருபை என்பதற்கு இந்த ஆற்றைவிடக் கண்கூடான சான்று வேண்டுவதில்லை. நான்காம் நாள் மாலை, கூடுதுறையின் படிகளில் இரும்புச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு நீராடும்போது இதை நினைத்தல் தகும். ஆற்றின் விசை அத்தகையது. சங்கிலியை விட்டால் நிற்க இயலாது.

நாள் 5 முதல் 11: ப்ரயாகைகளின் வழி (பெரிய திருமொழி 1-1)

தேவப்ரயாகையிலிருந்து ருத்ரப்ரயாகை சுமார் 70 கி.மீ. அங்கே மந்தாகினி கலக்கிறது. மேலே சுமார் 30 கி.மீ. சென்றால் கர்ணப்ரயாகை, அங்கே பிண்டர் நதி. இன்னும் 20 கி.மீ. அளவில் நந்தப்ரயாகை, அங்கே நந்தாகினி. இந்த ஏழு நாட்களில் திவ்யதேசம் ஒன்றும் இல்லை. சாலை நீளும்; வெயில் பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும்; வண்டிகளின் புழுதி படியும். பழைய நடைபாதை பல இடங்களில் மோட்டார் சாலைக்குள் மறைந்துவிட்டது. நடப்பவர்கள் சோர்வது பெரும்பாலும் இப்பகுதியில்தான். ஏற்றத்தால் வரும் சோர்வன்று. 'எதற்காக நடக்கிறோம்' என்ற எண்ணத்தால் வரும் சோர்வு.

இந்நாட்களுக்கு உரியது திருமங்கையாழ்வாரின் முதல் திருமொழி. வாடியும் வருந்தியும், சிற்றின்பத்தின் பின்னே ஓடியும் கழிந்த தம் வாழ்நாளை ஆழ்வார் அதில் திரும்பிப் பார்க்கிறார். பின்பு நாராயண நாமத்தைத் தாம் கண்டுகொண்டதை முரசறைகிறார். அவர் முதலில் ஓடினார். திருமந்த்ரம் கிடைத்த பிறகே நடக்கத் தொடங்கினார். முதல் திருமொழியில் திருமந்த்ரம், இரண்டாவதில் திருப்பிரிதி, மூன்றாவதிலும் நான்காவதிலும் வதரி, அடுத்துச் சாளக்கிராமம், நைமிசாரணியம், சிங்கவேள்குன்றம், திருவேங்கடம் என்று தெற்கு நோக்கி வருகிறது அவர் திருவுள்ளம். 1084 பாசுரங்கள் கொண்ட பிரபந்தம் இமயத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வதரியே நாராயணன் நரனுக்குத் திருமந்த்ரத்தை உபதேசித்த இடம். எம்பெருமான் தானே சிஷ்யனும் ஆசார்யனுமாய் நின்றதன் கருத்தைப் பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் காட்டியருளினார். மந்த்ரத்தைப் பெற்றவர் அது வெளிப்பட்ட இடத்தை நாடிச் செல்கிறார் என்று கொண்டால் பதிகங்களின் வரிசை விளங்கும். திவ்யதேசம் இல்லாத இந்த ஏழு நாட்களும் இதனால் வெறும் நாட்கள் ஆகா. அவை திருமந்த்ரத்தின் நாட்கள்.

பகவத் ராமாநுஜர் போதாயன வ்ருத்தியின் பொருட்டு வடக்கே எழுந்தருளிய வரலாற்றையும் இங்கே நினைக்கலாம். வழிநடையில் உடையவர் கண்வளர்ந்த பின், கூரத்தாழ்வான் இரவுதோறும் அந்நூலை வாசித்து உள்ளத்தில் ஏற்றிக்கொண்டார் என்று குருபரம்பரை கூறும். நூல் கைவிட்டுப் போனபோது, அந்த இரவுகளே ஸ்ரீபாஷ்யத்திற்குத் துணையாயின. பகல் நடை காலுக்கு. இரவு வாசிப்பு நெஞ்சுக்கு. நடப்பவர் இவ்விரண்டில் ஒன்றையும் விடலாகாது.

நாள் 12 முதல் 16: திருப்பிரிதி (பெரிய திருமொழி 1-2)

நந்தப்ரயாகையிலிருந்து ஜோஷிமடம் சுமார் 70 கி.மீ.; நான்கு நாள் வழி. அங்கே ஒரு நாள் தங்குவது நன்று. ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரமுள்ள இவ்வூரில் உடல் மலைக்காற்றுக்குப் பழகும். நரஸிம்ஹன் ஸந்நிதியையும் நிதானமாக ஸேவிக்கலாம். குளிர்காலத்தில் வதரி நடை சாத்தியிருக்கும் மாதங்களில் வதரிநாதனுக்கான ஆராதனம் இங்கேதான் நடைபெறுகிறது.

இப்பதிகத்தில் மலையே நிறைந்திருக்கிறது. முகில் இடிக்க மயில் ஆடும் சுனைகள், யானையை நடுக்கும் சிங்கங்கள், பசியோடு இருண்ட குகையில் வாய் பிளக்கும் பாம்புகள் என இமயத்தின் அழகையும் அச்சத்தையும் ஒருங்கே பாடுகிறார் ஆழ்வார். வேங்கை மரமும் வேங்கைப் புலியும் ஒரு சொல்லில் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. ஒரு பாசுரத்தில் அசோகின் சிவந்த மலர்களைக் கண்டு, தீயென்று எண்ணி வண்டுகள் வெருவுகின்றன. தேன் இருக்கும் இடத்தையே தீ என்று அஞ்சி விலகும் அந்த வண்டு நம் நெஞ்சேயன்றோ? அதனால்தான் ஒவ்வொரு பாசுர முடிவிலும் ஆழ்வார் நெஞ்சை விளித்து, சென்றடையுமாறு ஏவுகிறார். இங்கே பேசுபவர் ஏவுகிறார்; நெஞ்சு இன்னும் தயங்குகிறது. பன்னிரண்டாம் நாளில் கொப்புளம் கண்ட காலோடு நடப்பவருக்கு இந்த ஏவலின் தேவை நன்கு புரியும்.

2023 ஜனவரியில் இவ்வூரில் நிலம் தாழ்ந்து, வீடுகளின் சுவர்கள் பிளந்து, பல குடும்பங்கள் வெளியேற நேர்ந்ததை உலகெங்கும் உள்ள அடியார்கள் கவலையோடு கேட்டார்கள். ஆழ்வார் பாடிய மலையும் தளர்ச்சிக்கு விலக்கன்று. அந்நகரையும் அங்கு வாழ்வோரையும் மங்களாசாஸனம் செய்து மேலே செல்வோம்.

நாள் 17 முதல் 19: வதரி ஏற்றம் (பெரிய திருமொழி 1-3)

ஜோஷிமடத்திலிருந்து முதலில் ஆற்றங்கரைக்கு இறங்கவேண்டும். அங்கே தவுளிகங்கை கலக்கும் விஷ்ணுப்ரயாகை. பின்பு பாண்டுகேசுவரம்; அடுத்த இரவு ஹநுமான் சட்டி; மறுநாள் வதரி. ஜோஷிமடத்தைவிட 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், சுமார் 3,100 மீட்டரில் உள்ளது வதரி. மூச்சு வாங்கும், பத்தடிக்கு ஒருமுறை நிற்க நேரும், இளைஞரும் கோல் ஊன்றுவர்.

இந்த ஏற்றத்தில் ஓதவேண்டிய பதிகமோ முதுமையைப் பேசுகிறது. கூனி, கோல் ஒன்றே துணையாக, இற்ற கால் போலத் தள்ளாடி இளைப்பதற்கு முன்; இருமலைக் கண்டு இளையவர் ஏசுவதற்கு முன்; கண் பீளை ஒழுகி, கால்கள் ஒன்றோடொன்று முட்டி, நடை தளர்வதற்கு முன் என்று 'முன், முன்' என அடுக்கிச் செல்கிறார் ஆழ்வார். மூச்சு வாங்கக் கோலூன்றி நிற்கும் யாத்ரிகன் அப்போது தன் முதுமையைச் சிறிது முன்னதாகவே கண்டுகொள்கிறான். 'இன்று இந்த ஏற்றத்தில் எனக்கு நேர்வது, நாளை என் வீட்டு வாசற்படியிலேயே நேரும்' என்ற உணர்வு பிறக்கிறது.

முதல் பாசுரத்தில் ஆழ்வார் பூதனையை நினைவூட்டுவதையும் கவனிக்கவேண்டும். முன்பு முதல் திருமொழியில், பெற்ற தாயினும் மிகுதியாக நன்மை செய்வது திருநாமம் என்றார். இங்கே பெற்ற தாயைப்போல வந்தவள் பேய்ச்சி என்கிறார். இவ்வுடலும் தாய்போல நம்மை வளர்ப்பதாகத் தோற்றி, முடிவில் கைவிடுவது. பூதனையின் பொய்யை அறிந்து உயிரோடு உறிஞ்சியவனே இவ்வுடலின் பொய்யினின்றும் நம்மைக் காக்கவல்லவன் என்று இவ்விரண்டையும் சேர்த்து அநுபவிக்கலாம்.

இன்னொரு நுட்பம்: திருப்பிரிதிப் பதிகத்தில் நெஞ்சை ஒருமையில் ஏவியவர், இங்கே 'வணங்குதும்' என்று தன்மைப் பன்மையில் பேசுகிறார். தயங்கிய நெஞ்சு இப்போது இசைந்து உடன் வருகிறது. பதிகத்தின் நிறைவுப் பாசுரத்தில் தொண்டர்கள் கூடிப் பாடி ஆடுகிறார்கள். தனியாகப் புறப்பட்ட நடை கோஷ்டியாக முடிகிறது.

வதரியில் (பெரிய திருமொழி 1-4)

தப்தகுண்டத்தின் வெந்நீரில் நீராடி, அரவிந்தவல்லித் தாயாரோடு எழுந்தருளியிருக்கும் வதரிநாரணனின் திருமுன்பு நிற்கும்போது நான்காம் திருமொழியை ஓதவேண்டும். இதில் பாசுரந்தோறும் வரும் ஏவல் இல்லை. அவனுடைய செயல்களைச் சொல்லி, அவன் கங்கைக் கரைமேல் வதரியாச்சிரமத்து உள்ளான் என்று முடிப்பதே பெரும்பான்மை. வந்து சேர்ந்தவனுக்குத் தன்னைப்பற்றிச் சொல்ல ஒன்றும் எஞ்சவில்லை. வழக்கில் அளகநந்தை எனப்படும் ஆற்றை இங்கேயும் ஆழ்வார் கங்கை என்றே அருளுவதை நோக்குக. கண்டத்தில் நம்மை எதிர்கொண்ட அதே கங்கை வழியெல்லாம் உடன் இருந்தது என்பது இங்கே தெளிவாகிறது.

ஒரு சங்கையும் பரிஹாரமும்

'சரணாகதனுக்கு எம்பெருமானே உபாயமாயிருக்க, 19 நாள் உடலை வருத்தி நடப்பது எதற்கு? ப்ரபத்திக்கு தேச, கால நியமங்கள் இல்லை என்று ஸ்ரீவசனபூஷணம் தெளிவாகக் கூறவில்லையா?' என்று கேட்கலாம். உண்மையே. நடையை உபாயமாக எண்ணினால், 300 கி.மீ. நடந்ததும் வீண்; நடந்தோம் என்ற அஹங்காரம் ஒன்றே மிஞ்சும். வண்டியில் வந்த முதியவரைவிடத் தான் உயர்ந்தவன் என்று ஒருவர் நினைத்தால், அவர் வதரியை அடைந்தும் அடையாதவரே.

அப்படியாயின் ஆழ்வார் ஏன் விரைகிறார்? மோக்ஷம் தவறிவிடும் என்ற அச்சத்தால் அன்று. இக்கால்கள் அவனுக்காக நடக்கத் தக்கவை. அவை நடக்கவல்ல காலம் சிறிது. அக்கைங்கர்யம் தவறிவிடுமே என்ற பரிவினாலேயே விரைகிறார். ப்ராப்யத்தில் உள்ள ருசியே இந்த நடை.

ஆகவே, நடக்க இயலாதவர்க்கு இழப்பில்லை. கண்டத்துப் பதிகத்தின் பலனாகப் பெரியாழ்வார் அருளியது இதுவே: அப்பாமாலை நாவில் தங்கியவர்கள், கங்கையில் திருமால் திருவடிக்கீழ் நீராடியிருந்தவர்களாகவே கணக்கில் கொள்ளப்படுவர். முழங்கால் நோயால் படியிறங்க முடியாதவரும், கடல் கடந்த நாட்டில் விடுப்பு கிடைக்காதவரும், மேற்சொன்ன வரிசையில் 19 நாள் இப்பதிகங்களை மாலைதோறும் அநுஸந்தித்து, மறுநாள் நான்காம் திருமொழியோடு நிறைவு செய்யலாம். கால்கள் உள்ளவர்களோ நாளை என்று தள்ளவேண்டா. வைகாசி மாதத்திலோ, மழை ஓய்ந்த புரட்டாசி, ஐப்பசியிலோ புறப்படலாம். மழைக்கால மண்சரிவு நடப்பவரையும் வண்டியையும் ஒருங்கே நிறுத்திவிடும் என்பதை மறவாதிருக்கவேண்டும்.

நடப்பவர்க்கும் இருப்பவர்க்கும் ஆறு ஒன்றே. அது எப்போதும் அவன் திருவடியிலிருந்து நம்மை நோக்கியே வந்துகொண்டிருக்கிறது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.