வாகன விபத்துக் காயம்: வழக்கு முடிவடைய எவ்வளவு காலம் செல்லும்?

அல்பியன் வீதியிலோ நெடுஞ்சாலை 27 இலோ விபத்தொன்றில் காயமடைந்தவரின் குடும்பத்தினர் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. இதற்குப் பொதுவான ஒரு விடை இல்லை. எனினும், காலம் எங்கே செலவாகிறது என்பதை அறிந்தவர் அவசரப்பட்டுக் குறைந்த தொகைக்கு இணங்கமாட்டார். தாமதித்து உரிமையை இழக்கவும் மாட்டார்.

இரு வேறு வழிகள்

ஒன்ராறியோவில் நட்டஈட்டுக்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, தவறு யாருடையதாயினும் பெறக்கூடிய விபத்துக் கொடுப்பனவுகள். இவற்றுக்காக 7 நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும்; விண்ணப்பப் படிவம் கிடைத்த 30 நாட்களுக்குள் அதனை நிரப்பி அனுப்புதல் வேண்டும். மருத்துவச் செலவும் பராமரிப்புச் செலவும் இவ்வழியாகவே கிடைப்பதால், வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொடுப்பனவு மறுக்கப்பட்டால், 2 ஆண்டுகளுக்குள் உரிம மேன்முறையீட்டு நியாயசபையை நாடலாம்.

இரண்டாவது, தவறிழைத்த சாரதிக்கு எதிரான வழக்கு. நீண்ட காலம் எடுப்பது இதுவே.

காலம் செலவாகும் இடங்கள்

முதற் காரணம் காயமே. வலிக்கும் வேதனைக்கும் நட்டஈடு பெற, முக்கியமான உடல் அல்லது உளச் செயற்பாடு ஒன்று நிரந்தரமாகவும் பாரதூரமாகவும் பாதிக்கப்பட்டதை நிறுவுதல் வேண்டும். நிரந்தரமா என்பதைச் சில மாதங்களில் மருத்துவரால் கூற இயலாது. அன்றியும், பெருந்தொகை அல்லாத தீர்ப்புகளில் இந்த நட்டஈட்டிலிருந்து சட்டப்படி ஒரு தொகை கழிக்கப்படும். 2024 இல் அது 46,000 டொலரைத் தாண்டியிருந்தது. ஆதலால், காயத்தின் முழு அளவு தெரியுமுன் இணங்குபவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை அறியாமலே இணங்குகிறார்.

இரண்டாவது, நீதிமன்ற நடைமுறை. வழக்கு தாக்கலான 6 மாதங்களுக்குள் அது எதிராளியிடம் சேர்ப்பிக்கப்படல் வேண்டும். பின்னர் இரு தரப்பினரும் ஆவணங்களைப் பரிமாறுவர். சத்தியத்தின் பேரில் கேள்விகளுக்கு விடையளிப்பர். ரொறன்ரோவில் தொடுக்கப்படும் வழக்குகளில் விசாரணைக்கு முன் மத்தியஸ்தம் வழமையாகக் கட்டாயமானது. பல வழக்குகள் இக்கட்டத்திலோ அதனை அடுத்தோ இணக்கத்தில் முடிகின்றன. 5 ஆண்டுகளுக்குள் விசாரணைப் பட்டியலில் சேர்க்கப்படாத வழக்கு தள்ளுபடியாகலாம் என்ற விதியே, இவை எவ்வளவு நீளக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

பிள்ளைகளின் சார்பில் எட்டப்படும் இணக்கத்துக்கு நீதிபதியின் அங்கீகாரமும் தேவை.

வழக்கு நீண்டது, அவகாசம் குறுகியது

எதிராளிக்கு 120 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். நகர வீதியின் பழுதோ அகற்றப்படாத பனியோ விபத்துக்குக் காரணமென்றால், நகரசபைக்கு 10 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். மருத்துவமனையில் இருக்கும்போதே இவ்வவகாசம் கழிந்துவிடக்கூடும். ஆகவே குடும்பத்தினரில் ஒருவர் இதனைப் பொறுப்பேற்பது நன்று.

கையொப்பமிடுமுன்

வழக்கில் விடுவிப்புப் பத்திரத்தில் கையொப்பமிட்ட பின், காயம் மோசமானாலும் பொதுவாக மீண்டும் கோர இயலாது. விபத்துக் கொடுப்பனவுகளை ஒரே தொகையாக முடித்துக்கொள்ளும் இணக்கத்தை மட்டும் 2 வேலை நாட்களுக்குள் மீளப்பெறலாம். வாடகையும் வீட்டுக் கடனும் நெருக்கும் வேளையில் முதலில் வரும் தொகை பெரிதாகவே தோன்றும். அது எதற்குரிய தொகை, சட்டத்தரணியின் கட்டணமும் செலவும் போக எவ்வளவு மிஞ்சும், எதிர்காலச் சிகிச்சைக்குப் போதுமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். புரியாத மொழியில் உள்ள பத்திரத்தில் கையொப்பமிட வேண்டாம்; மொழிபெயர்ப்பாளரைக் கோருங்கள்.

ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடங்கள் வரை இலவசமாகச் சட்டத்தரணியுடன் கலந்துரையாடலாம். நகரசபைச் சேவைகள் பற்றித் தமிழில் பேச 311 ஐ அழையுங்கள்.

இக்கட்டுரை பொதுத் தகவலே. உங்கள் விடயத்துக்குச் சட்டத்தரணியின் ஆலோசனையைப் பெறுங்கள்.