பெருந்தொகுப்பு எதற்குத் தேவை, எதற்குப் போதாது



கணினியின் இயங்குதளத்துக்கு வரும் சிறு திருத்தங்களை உடனுக்குடன் போட்டுக்கொண்டே வந்தால், அவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டி வெளியிடும் பெரிய தொகுப்பு எதற்கு என்னும் கேள்வி, கணினிப் பழுதுநீக்கும் தொழிலைக் கற்க முனையும் எவருக்கும் முதல் ஆண்டிலேயே எழுவது இயல்பு. இயங்குதளம் என்பது வன்பொருளுக்கும் அதன்மேல் ஓடும் செயலிகளுக்கும் இடையில் நின்று இரண்டையும் ஆளும் அடிப்படை மென்பொருள். அதில் ஒரு குறை தெரியவரும்போது அந்தக் குறையை மட்டும் நீக்குவதற்காக வெளியிடப்படும் சிறு நிரல் 'பேட்ச்' எனப்படும். அத்தகைய பல பேட்ச்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா எனச் சோதித்து, ஒரே தடவையில் நிறுவும்படி தருவதையே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'சர்வீஸ் பேக்' என்று அழைத்தது. கேள்விக்கு விடை 'தேவை' என்பதுதான். ஆனால் எதற்குத் தேவை, எதற்குப் போதாது என்பதைப் பிரித்தறியாமல் அந்த விடையை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வது தொழிலில் ஆபத்தாக முடியும்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. 2003 ஆகஸ்ட் 11 அன்று 'பிளாஸ்டர்' என்னும் புழு அதைத் தாக்கியது. புழு என்பது பயனர் எதையும் திறக்காமலே, இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரே காரணத்தால் கணினிக்குள் நுழைந்து, அங்கிருந்து அடுத்த கணினிக்குத் தானே பரவும் நிரல். அதைத் தடுக்கும் பேட்ச் அதே ஆண்டு ஜூலை 16 அன்றே வெளியாகியிருந்தும், அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகள் ஏராளமாக இருந்தன. வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்புகளை மறிக்கும் ஃபயர்வால் எக்ஸ்பியில் தொடக்கத்திலிருந்தே உண்டு என்றாலும், அது முடக்கப்பட்ட நிலையிலேயே விற்கப்பட்டது. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்தான் அதை எல்லாக் கணினிகளிலும் தானாகவே இயங்கச் செய்தது. பாதுகாப்பற்ற விண்டோஸ் கணினி ஒன்றை இணையத்தில் இணைத்தால் சராசரியாக 20 நிமிடத்தில் அது தாக்குதலுக்கு உள்ளாகும் என்று சான்ஸ் நிறுவனத்தின் இணையக் கண்காணிப்பு மையம் அதே ஆண்டில் கணித்திருந்தது.

இந்த 20 நிமிடத்தை அன்றைய மும்பையின் தொலைபேசிக் கம்பியோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அங்கு தொலைபேசிச் சேவை தந்த அரசு நிறுவனமான எம்.டி.என்.எல். தனது அகலக்கற்றைச் சேவையை 2005 ஜனவரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் பெரும்பாலான வீடுகளிலும் சிறு கடைகளிலும் இருந்தது நொடிக்கு 56 கிலோபிட்டைத் தாண்டாத டயல்-அப் இணைப்பு. இரண்டாம் சர்வீஸ் பேக்கின் முழு நிறுவல் கோப்பு ஏறத்தாழ 266 மெகாபைட். இணைப்பு ஒருமுறைகூட அறுபடாமல் முழு வேகத்தில் ஓடினாலும் அதை இறக்கி முடிக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருபதாவது நிமிடத்தில் நோய் தொற்றிவிடக்கூடிய கணினி, பத்தாவது மணி நேரத்தில் மருந்தைப் பெற்றுப் பயன் என்ன? ஆகவே இணையத்தைத் தொடுவதற்கு முன்பே, குறுந்தகட்டிலிருந்து ஒரே மூச்சில் போட்டுவிடக்கூடிய தொகுப்பு அன்று வசதி அல்ல, கட்டாயம். லாமிங்டன் ரோட்டில் உதிரிப் பாகங்கள் வாங்கி வந்து, செம்பூரிலோ மாட்டுங்காவிலோ கணினி சேர்த்துக் கொடுத்த எந்தத் தொழில்நுட்பருக்கும் சர்வீஸ் பேக் ஏற்கெனவே கலந்த நிறுவல் தகடுதான் உழைப்பின் பாதியை மிச்சப்படுத்தியது.

இணைய வேகம் கூடிய பிறகு இந்தக் காரணம் வலுவிழந்ததாகத் தோன்றலாம். ஆனால் இரண்டாவது காரணம் வேகத்தைச் சார்ந்ததே அன்று. இருபது பேட்ச்கள் தனித்தனியாக வெளியாகி, அவற்றில் எதைப் போடுவது, எதை விடுவது என்னும் உரிமை ஒவ்வொருவர் கையிலும் இருந்தால், உலகில் உள்ள கணினிகள் 10,48,576 வெவ்வேறு நிலைகளில் இருக்க வாய்ப்பு உண்டு. அத்தனை சேர்க்கைகளையும் எந்த நிறுவனமும் சோதித்துப் பார்க்க இயலாது. ஒரே அடித்தளத்தில் எல்லாரையும் கொண்டுவந்து நிறுத்துவதே தொகுப்பின் மெய்யான பணி. விண்டோஸ் 7 இதற்குத் தெளிவான சான்று. 2011 பிப்ரவரியில் அதன் முதல் சர்வீஸ் பேக் வந்தது. இரண்டாவது வரவே இல்லை. விளைவாக, 2015இல் ஒரு கணினியை ஃபார்மட் செய்து விண்டோஸ் 7 போட்டவர், அதன்பின் இருநூறுக்கும் மேற்பட்ட புதுப்பித்தல்களை இறக்கி, மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் செய்து, ஒரு பகலையே அதில் செலவிட நேர்ந்தது. கடைசியில் 2016 மே மாதம் அந்த ஐந்தாண்டுத் திருத்தங்களை மைக்ரோசாஃப்டே வேறொரு பெயரில் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் மாதாந்தரத் திருத்தங்களையும் தொகுப்பாகவே தரத் தொடங்கியது. வேண்டாம் என்று கைவிட்டவர்களே திரும்ப எடுத்துக்கொண்டதைவிட வலுவான வாதம் இதற்குத் தேவையில்லை.

தொகுப்பு போதாத இடங்களும் உண்டு. இந்திய ரூபாய்க்கான குறியீட்டை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர், பவாயில் உள்ள மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்பு பயின்றவர். அக்குறியீட்டை விண்டோஸ் 7இல் கொண்டுவந்தது அடுத்த பிப்ரவரியில் வெளியான சர்வீஸ் பேக் அன்று. 2011 மே மாதம் தனியாக வந்த ஒரு சிறு புதுப்பித்தல்தான். அதைப் போட்ட கணினியில் இந்திய ஆங்கில விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்து, வலப்பக்க ஆல்ட் விசையோடு எண் 4ஐ அழுத்தினால் குறியீடு விழும். எழுத்துருவில் அக்குறியீடு சேராத கணினியில் அக்குறியீடு இட்ட பில் ஒன்றைத் திறந்தால், தொகைக்கு முன்னால் வெற்றுச் சதுரம் ஒன்றே தெரியும். எல்லாத் தேவையும் அடுத்த தொகுப்பு வரும்வரை காத்திருக்காது என்பதற்கு இது சிறு எடுத்துக்காட்டு.

பெரிய எடுத்துக்காட்டு மும்பைத் துறைமுகப் பகுதியிலேயே நிகழ்ந்தது. மும்பைக்கு எதிர்க்கரையில், நவசேவாவில் உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஏ.பி. மோலர்-மெர்ஸ்க் குழுமம் நடத்தும் கேட்வே டெர்மினல்ஸ் இந்தியா முனையம், 2017 ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்னும் நாசநிரலால் முடங்கியது. சரக்குப் பெட்டகங்களின் இருப்பிடத்தைச் சொல்லும் கணினிகள் நின்றுபோனதால் வேலை கைக்கணக்கில் நடந்தது, லாரிகள் தேங்கின. அந்நிரல் பரவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்றை அடைக்கும் பேட்ச் மார்ச் 14 அன்றே, அதாவது 105 நாட்களுக்கு முன்பே, வெளியாகியிருந்தது. பேட்ச் போட்ட கணினிகளும் தப்பவில்லை: ஒரு கணினி விழுந்தவுடன் அதன் நினைவகத்தில் இருந்த கடவுச்சொற்களைத் திருடி, அவற்றைக் கொண்டு அதே வலையமைப்பின் மற்ற கணினிகளுக்குள் அது முறைப்படி உள்நுழைந்தது. மெர்ஸ்க் குழுமம் 4,000 சர்வர்களிலும் 45,000 கணினிகளிலும் மென்பொருளைப் பத்தே நாட்களில் மீண்டும் நிறுவ வேண்டியதாயிற்று. இழப்பு 20 கோடி முதல் 30 கோடி டாலர் என அது அறிவித்தது. இதில் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி இன்னொன்று: நாட்பெட்யா முதலில் புகுந்த வழி, உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்குப்பதிவு மென்பொருளின் புதுப்பித்தல். போடாமல் விட்ட திருத்தமும், நம்பிப் போட்ட திருத்தமும் ஒரே நாளில் சேர்ந்து செய்த அழிவு அது.

எனவே திருத்தம் என்னும் பெயரில் வருவதையெல்லாம் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பாதுகாப்புப் பேட்ச்கள் நாள் தள்ளக் கூடாதவை; புதிய வசதிகளையும் புதிய தோற்றத்தையும் கொண்டுவரும் பெருந்தொகுப்புகள் சில வாரங்கள் பொறுத்துப் போடத்தக்கவை. 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10இன் பெருந்தொகுப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டதால், நான்கே நாட்களில் நிறுத்தப்பட்டு, நவம்பர் நடுவில்தான் மீண்டும் வந்தது. தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய சந்துகளில், மூன்று ஆண்டு பில்களையும் வாடிக்கையாளர் கணக்கையும் ஒரே கணினியில், நகல் எதுவும் இல்லாமல் வைத்திருக்கும் தையற்கூடம் ஒன்றுக்கு இது நேர்ந்தால் அதன் பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பையும் புதுமையையும் ஒரே பொட்டலத்தில் கட்டி, இரண்டையும் சேர்த்தே விழுங்கச் சொல்வது நிறுவனங்கள் செய்யும் அநீதி. கோப்புகள் அழியும் அச்சத்தாலேயே பல கடைகளில் 'அப்டேட்'டை அடியோடு நிறுத்திவைத்துக் கணினியைக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது, அதனால் உடனடியாகப் போட வேண்டிய பேட்சும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. 2019இல்தான் விண்டோஸ் 10இன் வீட்டுப் பதிப்பில் 35 நாட்கள் வரை புதுப்பித்தலை ஒத்திவைக்கும் வசதி தரப்பட்டது.

இவ்வகையில் டெபியன் என்னும் கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்தின் முறை பாராட்டத்தக்கது: பாதுகாப்புத் திருத்தங்கள் தனி வழியில் உடனே வரும், சில மாதங்களுக்கு ஒருமுறை அவற்றைத் திரட்டிய புதிய நிறுவல் கோப்பு வரும், வசதிகளை மாற்றும் புதிய பதிப்போ ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறைதான். மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் இந்த டெபியனை அடித்தளமாகக் கொண்டது.

இந்தக் கேள்வி இன்று ஏட்டளவில் நிற்கவில்லை. விண்டோஸ் 10க்கான இலவசப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் தனிநபர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு கிடைக்கும். விண்டோஸ் 11ஓ, மறைக்குறிச் சாவிகளைக் காக்கும் டி.பி.எம். 2.0 என்னும் சில்லையும், இன்டெல் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதையும் கேட்கிறது. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள், குறை எதுவும் இல்லாமலே, அடுத்த அடித்தளம் மறுக்கப்பட்டவையாகின்றன. அவற்றில் ஒரு பகுதி தாராவியின் 13ஆம் காம்பவுண்டு போன்ற இடங்களுக்கு வந்து, நெகிழியாகவும் உலோகமாகவும் பிரிக்கப்படும். அப்படிக் கழிக்க வரும் கணினி ஒன்று கைக்குக் கிடைத்தால், கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு, டெபியனின் அண்மைத் தொகுப்பைப் போட்டு, அச்சுப்பொறியும் தமிழ்த் தட்டச்சும் வேலை செய்கின்றனவா என்று ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது, பயிற்சிக்கும் பயன், கணினிக்கு உரியவருக்கும் பயன்.