நாற்பத்து மூன்று லட்சத்து இருபதாயிரம்

ஆலயத்தில் சங்கல்பம் செய்யும்போது, கலியுகத்தின் முதற் பாதத்தில் நாம் இருப்பதாகக் குருக்கள் கூறுவதை அன்பர்கள் கேட்டிருப்பீர்கள். கலியுகம் 4,32,000 ஆண்டு. அதில் காற்பங்கு 1,08,000. கலி பிறந்தது கி.மு. 3102 என்பது மரபுக் கணக்கு. 5,120 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் கழிந்திருக்கிறது. ஆகவே முதற் பாதம் என்பது சரியே.

கிருதம் 17,28,000, திரேதம் 12,96,000, துவாபரம் 8,64,000. இவற்றோடு கலியையும் கூட்டினால் ஒரு மகாயுகம் 43,20,000 ஆண்டு. நம் மலேசியப் பேச்சு வழக்கில் 4.32 மில்லியன். தேவர்களுக்கு ஒரு நாள் நமக்கு ஓராண்டு என்பதால், புராணங்கள் சொல்லும் 12,000 தேவ ஆண்டுகளை 360-ஆல் பெருக்கி வந்த தொகை இது.

வெறும் பிரமிப்புக்காகச் சொன்ன எண் என்று இளைஞர் சிலர் நினைக்கின்றனர். அதைப் பகா எண்களாகப் பிரித்துப் பார்க்கட்டும். எட்டு இரண்டுகள், மூன்று மூன்றுகள், நான்கு ஐந்துகள். இவற்றைப் பெருக்கினால் 43,20,000. வேறெந்தப் பகா எண்ணும் அதில் இல்லை. ஆதலால் 180 எண்கள் அதை மீதியின்றி வகுக்கும். ஒன்று முதல் பத்து வரையில் ஏழு மட்டுமே வகுக்காது.

வானியலார்க்கு இந்த எண் பெரிதும் பயன்பட்டது. பின்னங்களோடு போராடாமல், ஒரு மகாயுகத்தில் ஒவ்வொரு கிரகமும் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று முழு எண்ணாகவே எழுதிவிடலாம். கி.பி. 499-இல் 23 வயதினராக இருந்த ஆரியபட்டர் அப்படித்தான் எழுதினார்: சந்திரன் 5,77,53,336 சுற்று, குரு 3,64,224, சனி 1,46,564, நாட்கள் 157,79,17,500. இவை யாவும் நான்கால் வகுபடுவதைக் கவனியுங்கள். அவர் யுகங்கள் நான்கையும் சமமாக, 10,80,000 ஆண்டாகவே கொண்டார். மரபை மீறினார் என்று பிற்காலத்தில் பிரம்மகுப்தர் அவரைக் கடிந்தார்.

நாட்களை ஆண்டுகளால் வகுத்தால் ஓராண்டுக்கு 365.25868 நாள் வருகிறது. இன்றைய அளவு 365.25636. வித்தியாசம் மூன்றரை நிமிடம்கூட இல்லை! தொலைநோக்கி இல்லாத காலத்தில் இது சாதாரணமா?

சனியின் கணக்கு அவ்வளவு நெருங்கவில்லை. ஒரு சுற்றுக்கு ஆரியபட்டரின்படி 10,766 நாள். இன்றைய அளவில் 10,759. ஏழு நாள் பெரிதல்ல என்று தோன்றும். ஆனால் 1,500 ஆண்டுகளில் சனி ஐம்பது சுற்றுக்கு மேல் முடித்துவிட்டது. பிழை ஏறத்தாழ ஓராண்டாகத் திரண்டுவிட்டது.

ஜொகூரில் நாமும் கேட்கும் கேள்விக்கு வருவோம். சனிப்பெயர்ச்சிக்கு ஏன் இரண்டு தேதிகள்? வாக்கியப் பஞ்சாங்கம் ஆரியபட்டர் மரபில் வந்தது. அதன் எண்கள் சற்று மாறினாலும் பிழை சேரும் விதம் இதுவே. திருக்கணிதம் இன்றைய அளவுகளைக் கொள்கிறது. கும்பத்திற்குச் சனி பெயர்ந்தது திருக்கணிதப்படி 17.1.2023, வாக்கியப்படி 20.12.2023. திருநள்ளாற்றில் விழா நடந்தது இரண்டாவது தேதியில்தான். மீனத்திற்கும் அப்படியே: ஒன்றில் 29.3.2025, மற்றதில் 6.3.2026.