பாப்பாவின் சுருட்டை முடி

முடி எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருவருக்கு நீட்டமாக விழும். ஒருவருக்கு அலை அலையாக இருக்கும். ஒருவருக்குக் குட்டிக் குட்டிச் சுருளாகத் தலையோடு ஒட்டி நிற்கும். நேர் முடியைச் சீவுவது போலச் சுருட்டை முடியைச் சீவினால் குழந்தைக்கு வலிக்கும். முடியும் ஒடியும். சுருட்டை முடிக்கு வேறு பக்குவம் உண்டு. கற்றுக்கொண்டால் எளிதுதான்.

வட்டவடையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுப் பெண் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். மூணாறு, மறையூர், உடுமலைப்பேட்டை என்று போய்ச் சேர வேண்டிய ஊர் அது. திருப்பூருக்கு ஆப்பிரிக்க நாட்டு வியாபாரிகளும் வந்து துணி வாங்கியிருக்கிறார்கள். அப்படி வந்த நைஜீரியா நாட்டுக்காரர் ஒருவரை அவள் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. பத்து மாதக் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

பிறந்தபோது பாப்பாவின் முடி மெத்தென்று நேராக இருந்தது. நாலைந்து மாதத்தில் அது கொட்டியது. பிறகு வந்த முடி சுருள் சுருளாக வளர்ந்தது. பாட்டி தினமும் காலையில் எண்ணெய் வைப்பாள். தன்னுடைய சீப்பால் சீவுவாள். பாப்பா வீறிட்டு அழும்.

“ஏண்டி, பிள்ளை தலையெல்லாம் ஒரே சிக்கா கெடக்கு. நீ சீவியே விடலையா?” என்று கேட்டாள் பாட்டி.

“சீப்பு எறங்க மாட்டேங்குதும்மா. இழுத்தா அழுவுறா.”

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். “சாமி சடை மாதிரி இருக்கே அக்கா. பழனிக்குக் கொண்டுபோய் மொட்டை போட்டுருங்க. அடுத்து நல்ல முடியா வரும்.”

“அப்போ இது கெட்ட முடியா?” என்றாள் பாப்பாவின் அம்மா. யாரும் பதில் சொல்லவில்லை.

அவள் கேட்டது சரியான கேள்வி. இது கெட்ட முடி அல்ல. நோயும் அல்ல. சாமிக் குற்றமும் அல்ல. சுருளாக வளர்வது அந்த முடியின் இயல்பு.

முடி ஏன் சுருள்கிறது?

தலைத் தோலுக்குள் சின்னச் சின்னக் குழிகள் உள்ளன. அவற்றை மயிர்க்கால் என்கிறோம். முடி அங்கிருந்துதான் வளர்கிறது. முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சில் எந்த வடிவத்தில் துளை இருக்கிறதோ, அந்த வடிவத்தில்தான் மாவு வரும். மயிர்க்கால் நேராக இருந்தால் முடி நேராக வரும். வளைந்திருந்தால் முடி சுருண்டு வரும்.

மொட்டை போட்டால் வெளியே இருக்கும் முடிதான் போகிறது. மயிர்க்கால் தோலுக்குள் அப்படியே இருக்கிறது. அதனால் மறுபடியும் அதே சுருட்டை முடிதான் வரும். வேண்டுதலுக்காக மொட்டை போடுவது அந்தக் குடும்பத்தின் விருப்பம். முடியை நேராக்குவதற்காக மொட்டை போட்டால் பலன் இல்லை.

முடியின் வடிவம் அப்பா வழியாகவும் அம்மா வழியாகவும் வருகிறது. இரண்டும் கலந்து வரும்போது எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு அலை முடி, தங்கைக்குச் சுருட்டை முடி என்று வரலாம். ஒரே தலையில் முன்பக்கம் ஒரு மாதிரி, பின்பக்கம் ஒரு மாதிரி இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வருடம் முடி மாறிக்கொண்டும் இருக்கும்.

தலைத் தோலில் இயற்கையாகவே எண்ணெய் ஊறுகிறது. நேர் முடியில் அது சுலபமாக நுனி வரை போய்விடும். சுருட்டை முடியில் அப்படிப் போக முடியாது. நம் மலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவு எத்தனை! ஒவ்வொரு வளைவிலும் பஸ் திணறுகிறது. சுருட்டை முடியில் எண்ணெயும் அப்படித்தான் திணறுகிறது. நுனிக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் சுருட்டை முடி சீக்கிரம் வறண்டு போகும். வளைகிற இடம்தான் பலம் குறைந்த இடம். வறண்ட முடியை இழுத்தால் அந்த இடத்தில் ஒடியும்.

இப்படிப்பட்ட முடி நம் நாட்டுக்குப் புதிதா?

புதிதல்ல. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டம் இருக்கிறது. அங்கே எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டு ஊர்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பலரை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். போர்த்துக்கீசியரும் அரபு வணிகரும் அந்த வியாபாரத்தைச் செய்தார்கள். இன்று சித்தி மக்கள் கன்னடமும் கொங்கணியும் பேசுகிறார்கள். அவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் உண்டு. 2003-ஆம் ஆண்டு அந்த மாவட்டத்துச் சித்தி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 2020-இல் சாந்தாராம் சித்தி கர்நாடக சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். சித்தி மக்களிலிருந்து அந்தச் சபைக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

குஜராத்தில் ஜம்பூர் என்ற ஊரிலும் சித்தி மக்கள் இருக்கிறார்கள். இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடியிலும் ஆப்பிரிக்க வழி வந்த குடும்பங்கள் உண்டு.

மாலிக் அம்பர் என்று ஒருவர் இருந்தார். எத்தியோப்பியாவில் பிறந்தவர். சிறு வயதில் அடிமையாக விற்கப்பட்டவர். கை மாறிக் கை மாறித் தக்காணத்துக்கு வந்தார். அகமதுநகர் அரசை நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். மொகலாயர் படையைப் பல வருடம் தடுத்து நிறுத்தினார். 1626-இல் இறந்தார். அவருடைய வீரத்தை எதிரிகளும் அறிந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் சுருட்டை முடியைக் காரணம் காட்டி வேலை மறுத்ததுண்டு. பள்ளியிலிருந்து பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. 2019-இல் கலிபோர்னியா மாநிலம் இதைத் தடுக்கச் சட்டம் போட்டது. பிறகு வேறு பல மாநிலங்களும் போட்டன. முடிக்காகச் சட்டமா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்குச் சிரிப்பு வந்திருக்காது.

குளிக்க வைப்பது எப்படி?

சுருட்டை முடிக்குத் தினமும் தலைக்குளியல் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் போதும். வேர்த்து அழுக்கானால் இரண்டு நாள் குளிக்க வைக்கலாம். அடிக்கடி சோப்புப் போட்டால் இருக்கிற எண்ணெயும் போய்விடும். குழந்தைகளுக்கான மென்மையான சோப்போ ஷாம்போவோ கொஞ்சமாகப் போடுங்கள். சீகைக்காய் வேண்டாம். அது கண்ணில் பட்டால் எரியும். முடியையும் வறட்டும்.

உச்சிக்குழியைத் தொடப் பயந்து சிலர் அந்த இடத்தைக் கழுவுவதே இல்லை. விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்துக் கழுவலாம். ஒன்றும் ஆகாது. அந்தக் குழி மூடட்டும் என்று எண்ணெயை ஊற்றி அழுத்துவதுதான் வேண்டாத வேலை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அது தானாகவே மூடிக்கொள்ளும்.

வட்டவடைக் குளிர் தெரிந்ததுதானே. சுருட்டை முடி பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். விரலை உள்ளே விட்டால் ஈரம் தெரியும். அதனால் காலையிலும் சாயங்காலமும் தலைக்கு ஊற்றாதீர்கள். வெயில் ஏறிய நடுப்பகலில் குளிக்க வையுங்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். குளித்ததும் மெத்தென்ற துணியைத் தலையில் வைத்து ஒற்றி எடுங்கள். பரபரவென்று துவட்டினால் முடி சிக்காகும்.

தலை காய்வதற்காகக் குழந்தையை அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். வாசம் நமக்குப் பிடிக்கும். புகை குழந்தையின் மூச்சுக்குக் கெடுதல். இதைப் பாட்டிமாரிடம் சொல்வதுதான் கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சிக்கு எடுப்பது எப்படி?

நூல்கண்டு சிக்கானால் என்ன செய்வோம்? பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். பொறுமையாக ஒவ்வோர் இழையாகப் பிரிப்போம். முடிக்கும் அதேதான்.

காய்ந்த முடியில் சீப்பை வைக்கவே கூடாது. முதலில் முடி ஈரமாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நாலைந்து சொட்டு உள்ளங்கையில் தேய்த்து முடியில் தடவுங்கள். கடையில் கண்டிஷனர் என்று ஒரு பசை கிடைக்கும். குளிக்கும்போது அதைத் தடவினாலும் முடி வழுக்கிக் கொடுக்கும். பிறகு நன்றாக அலசிவிட வேண்டும்.

அதன் பிறகு விரல்தான் சீப்பு. பெரிய சிக்கை விரலால் பிரியுங்கள். மிச்சத்துக்குப் பல் அகலமான சீப்பு வேண்டும். பேன் சீப்பு கூடவே கூடாது. நுனியில் தொடங்குங்கள். நுனிச் சிக்கு பிரிந்ததும் கொஞ்சம் மேலே போங்கள். கடைசியில் அடி முடி. பலர் அடியில் சீப்பை வைத்துக் கீழே இழுக்கிறார்கள். எல்லாச் சிக்கும் நுனியில் போய் இறுகிவிடும். பாட்டி செய்ததும் இதுதான்.

சீவும்போது இன்னொரு கையால் முடியை அடியில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது இழுப்பு தலைத் தோலுக்குப் போகாது. வலியும் தெரியாது. குழந்தை விளையாடும் நேரமாகப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டு செய்யலாம். அழுதால் விட்டுவிடுங்கள். மிச்சத்தை நாளைக்குச் செய்யலாம்.

மற்ற நாட்களில் கையை நனைத்து முடியைத் தடவிக்கொடுங்கள். நுனியில் துளி எண்ணெய் தொட்டு வையுங்கள். அது போதும். தலை வழிய எண்ணெய் வைத்தால் அழுக்கு ஒட்டும்.

சுருட்டை முடி வளரவே இல்லை என்று சிலர் கவலைப்படுவார்கள். ஒரு சுருளைப் பிடித்து மெதுவாக நீட்டிப் பாருங்கள். பேனாவில் இருக்கும் ஸ்பிரிங் போல நீளும். விட்டால் சுருங்கும். முடி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பின்தலையில் மட்டும் முடி இல்லையா? குழந்தை மல்லாந்து படுப்பதால் அங்கே தேய்ந்திருக்கும். உட்காரத் தொடங்கினால் முளைத்துவிடும்.

கொஞ்சம் வளர்ந்ததும் பின்னிவிட ஆசை வரும். தளர்வாகப் பின்னலாம். நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கினால் ஓரத்து முடி கொட்டும். வருடக்கணக்கில் இறுக்கிப் பின்னினால் அந்த இடம் வழுக்கையே ஆகிவிடும். வெறும் ரப்பர் பேண்டு முடியை அறுக்கும். துணி சுற்றியதைப் போடுங்கள். மணி, சின்னக் கிளிப் எல்லாம் இப்போது வேண்டாம். குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைக்கும்.

முடியை நேராக்கும் மருந்து கடையில் விற்கிறது. சிலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அது தோலைப் பொசுக்கும். குழந்தைத் தலைக்கு அது ஆகவே ஆகாது.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

சின்னக் குழந்தையின் தலையில் மஞ்சள் செதில் படிவதுண்டு. சுருளுக்குள் அது மறைந்திருக்கும். பயப்பட வேண்டாம். கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிவிட்டால் போகும். நகத்தால் பிய்க்காதீர்கள். சிவந்து நீர் வடிந்தால் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

ஒரு இடத்தில் வட்டமாக முடி போய், செதில் உதிர்கிறதா? அது தலைப்படையாக இருக்கலாம். மற்றக் குழந்தைகளுக்கும் ஒட்டும். மேலே களிம்பு மட்டும் போட்டால் போகாது. உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும். அதை டாக்டர்தான் தர வேண்டும். ஒரே சீப்பை வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள்.

சேர்ந்து பேசுங்கள்

“அப்போ இது கெட்ட முடியா?” என்று அந்த அம்மா கேட்டாள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

உங்கள் வீட்டில் யார் யாருக்கு எந்த மாதிரி முடி? யாரிடமிருந்து வந்தது?

சீப்பை நுனியில் தொடங்குவது ஏன்?