நட்சத்திரம் எடுக்க எந்த டிஎஸ்எல்ஆர்? வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

"அண்ணா, ஆஸ்ட்ரோ எடுக்கணும், எந்த டிஎஸ்எல்ஆர் வாங்கலாம்?" கேம்பஸ்ல கேமராவோட நடந்தா ஜூனியர்ஸ் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்கும்போதே போன்ல ஒரு புது ஃபுல் ஃபிரேம் கேமராவோட இஎம்ஐ பக்கமும் திறந்திருக்கும். அந்த இஎம்ஐயைக் கட்டப்போறது பெரும்பாலும் வீட்டில் இருக்கிறவங்க. அதனால எந்த பிராண்ட் நல்லதுன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி, இருக்கிற பணத்தை எதில் போட்டா படம் நல்லா வரும்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

1. பூமி நிற்காது

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுது. அப்படியானால் வானத்தில் ஒரு நட்சத்திரம் ஒரு செகண்டுக்கு சுமார் 15 ஆர்க்செகண்ட் நகருது (ஒரு டிகிரிக்கு 3600 ஆர்க்செகண்ட்). ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக விழும்.

எத்தனை செகண்ட் தாங்கும்? அதற்கு ஒரு பிக்ஸல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பார்க்குதுன்னு தெரியணும்:

பிக்ஸலின் பார்வை (ஆர்க்செகண்ட்) = 206 × பிக்ஸல் அளவு (மைக்ரான்) ÷ ஃபோக்கல் லெங்த் (மி.மீ.)

பழைய கேனான் 600டி-யை எடுத்துக்குவோம். 2011-ல் வந்தது, 18 மெகாபிக்ஸல், ஒரு பிக்ஸல் 4.3 மைக்ரான். 50 மி.மீ. லென்ஸ் போட்டால் 206 × 4.3 ÷ 50 = சுமார் 17.7. அதாவது 1.2 செகண்டிலேயே நட்சத்திரம் ஒரு பிக்ஸலைத் தாண்டிவிடும்.

யூடியூபில் எல்லாரும் சொல்ற "500 ரூல்" இருக்கே, அதாவது 500-ஐ ஃபோக்கல் லெங்த்தாலும் கிராப் ஃபேக்டராலும் வகுக்கிறது, இந்த செட்டப்பில் 6 செகண்ட் சொல்லும். அதற்குள் நட்சத்திரம் 5 பிக்ஸல் இழுத்திருக்கும். ஃபிலிம் காலத்துக்கு அது சரி; இப்போ ஜூம் பண்ணினால் நட்சத்திரம் அரிசி மாதிரி தெரியும். 500-க்குப் பதில் 300 போடுங்க. 4 செகண்டுக்குக் கொஞ்சம் கீழே வரும், இழுப்பும் 3 பிக்ஸலில் நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்க. மெகாபிக்ஸல் கூடக்கூட பிக்ஸல் சின்னதாகும், இழுப்பு இன்னும் சீக்கிரம் தெரியும். வெறும் டிரைபாடில் எடுக்கிறவங்களுக்கு அதிக மெகாபிக்ஸலால் பெரிய லாபம் இல்லை.

2. வெளிச்சம் வர்ற வழி லென்ஸ்தான்

நாலு செகண்டுதான் கிடைக்கும்னா, அதற்குள் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருதுங்கிறது லென்ஸ் துளையின் அளவைப் பொறுத்தது. ஃபோக்கல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும்.

கேமராவோட வர்ற கிட் லென்ஸ் 18 மி.மீ., எஃப் 3.5-ல்: 18 ÷ 3.5 = 5.1 மி.மீ. இருட்டில் நம்ம கண்ணின் பாப்பா சுமார் 7 மி.மீ. விரியும். அதாவது கிட் லென்ஸின் துளை நம்ம கண்ணைவிடச் சின்னது!

இப்போ 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். முழுசாகத் திறந்தால் ஓரத்தில் நட்சத்திரங்கள் இறக்கை முளைச்ச மாதிரி வரும், அதனால எஃப் 2.8-க்கு இறக்குவோம். 50 ÷ 2.8 = சுமார் 18 மி.மீ. துளையின் பரப்பு கிட் லென்ஸைவிட 12 மடங்கு. ஒரு செகண்டில் ஒரு நட்சத்திரத்திலிருந்து 12 மடங்கு வெளிச்சம் சேருது. எந்த பாடியை மாற்றினாலும் இப்படி ஒரு லாபம் கிடைக்காது. கேனான், நிக்கான் இரண்டிலும் ரொம்ப மலிவான லென்ஸ்களில் இதுவும் ஒன்று.

ஆனா பால்வீதி மாதிரிப் பரவலான பொருளுக்குக் கணக்கு வேற. அங்கே எஃப் எண்தான் முக்கியம். 3.5-லிருந்து 2.8-க்கு வந்தால் ஒன்றரை மடங்குதான் கூடும். அதனால அகலமான பால்வீதிப் படத்துக்கு ஆரம்பத்தில் கிட் லென்ஸே போதும். தனித்தனி நட்சத்திரம், கொத்து, ஓரியன் முழுசா ஒரே ஃபிரேமில் வேணும்னா 50 மி.மீ.

3. ஐஎஸ்ஓ வெளிச்சம் கொண்டு வராது

விளம்பரத்தில் "ஐஎஸ்ஓ 51200" என்று பெரிசாப் போடுவாங்க. ஐஎஸ்ஓ என்பது சென்சரில் ஏற்கெனவே விழுந்த சிக்னலைப் பெருக்குவது. கூடுதலாக ஒரு ஃபோட்டான்கூட வராது. மைக்கில் பேசுறவர் குரல் மெல்லிசா இருக்கும்போது ஆம்ப்ளிஃபையரைத் திருகினால் இரைச்சலும் சேர்ந்துதானே ஏறும்? அதே கதைதான். பெரும்பாலான பழைய பாடிகளுக்கு 800 அல்லது 1600 போதும்.

இரைச்சலைக் குறைக்கிற வேலை ஸ்டாக்கிங்குக்கு. ஒரே காட்சியை நிறைய தடவை எடுத்து, மென்பொருளில் நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுக்கணும். என் ஃபிரேம் எடுத்தால் சிக்னல்–நாய்ஸ் விகிதம் ரூட் என் மடங்கு கூடும். 4 செகண்ட் ஃபிரேம் 100 எடுத்தால் 10 மடங்கு. மொத்தமே ஏழு நிமிஷத்துக்கும் குறைவான எக்ஸ்போஷர்தான். டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் இரண்டும் இலவசம். லினக்ஸ் வைத்திருக்கிறவங்களுக்கு சிரில் ஓடும்.

நம்ம ஊரில் ஒரு கூடுதல் தொல்லை, ராத்திரிப் புழுக்கம். சென்சரின் சூடு 6, 7 டிகிரி ஏறினாலே அதன் வெப்ப இரைச்சல் கிட்டத்தட்ட இருமடங்காகும். அதனால ஷூட் முடிச்ச கையோடு, லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே செகண்டில் 20 டார்க் ஃபிரேம் எடுங்க. ரூமுக்கு வந்து ஏசியில் எடுத்தால் பிரயோஜனம் இல்லை.

4. அப்போ பாடியில் என்ன பார்க்கணும்?

வேண்டியது:
- ரா ஃபைலில் சேமிக்கணும். ஜேபெக் மட்டும் எடுத்தால் ஸ்டாக்கிங்கில் விவரம் போய்விடும்.
- லைவ் வியூவில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் பண்ண முடியணும்.
- மேனுவல் மோடும் பல்ப் மோடும் இருக்கணும்.
- ரிமோட் வயர் போடும் துளை அல்லது உள்ளேயே இன்டர்வல் டைமர்.
- திரும்பும் திரை இருந்தால் கழுத்து தப்பிக்கும். நம்ம இலக்குகள் பெரும்பாலும் தலைக்கு மேலே.

வேண்டாதது: ஆட்டோஃபோகஸ் புள்ளிகளின் எண்ணிக்கை, செகண்டுக்கு எத்தனை ஷாட், 4கே வீடியோ. விலை ஏறுவது பெரும்பாலும் இவற்றால்தான்.

மேலே சொன்ன 600டி இந்தப் பட்டியலில் பாஸ். இன்டர்வல் டைமர் மட்டும் தனியாக வாங்கணும். நிக்கான் டி5300 (2013, 24 மெகாபிக்ஸல்) இன்டர்வல் டைமரோடவே வருது, நிழல் பகுதிகளில் இரைச்சலும் குறைவு. நிறைய பேர் மிரர்லெஸ்ஸுக்கு மாறிட்டதால இந்த மாதிரி பாடிகள் பழைய விலைக்குக் கிடைக்குது. ஃபுல் ஃபிரேம் சென்சருக்கு இரண்டரை மடங்கு பரப்பு இருப்பது உண்மைதான். ஆனா அதற்கேற்ற லென்ஸும் சேர்த்து வாங்கணும், பட்ஜெட் அங்கேயே முடிஞ்சிரும்.

5. சிவப்பு நெபுலா ஆசை

நெபுலாக்களின் சிவப்பு, ஹைட்ரஜன் ஆல்ஃபா ஒளி, 656.3 நானோமீட்டர். சாதாரண கேமராவில் சென்சருக்கு முன்னால் இருக்கிற ஃபில்டர் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். இதற்காகவே கேனான் 20டிஏ (2005), 60டிஏ (2012), நிக்கான் டி810ஏ (2015) என்று தனி மாடல்கள் வந்தன. சாதாரண பாடியில் ஃபில்டரைக் கழற்றி மாற்றித் தருபவர்களும் இருக்காங்க. ஆனா முதல் கேமராவில் அதைச் செய்யாதீங்க. பகல் படங்களின் நிறம் கெடும், திரும்ப விற்பதும் கஷ்டம். ஆண்ட்ரோமீடா, கார்த்திகைக் கொத்து, ஓரியன் நெபுலாவின் பளிச்சென்ற நடுப்பகுதி எல்லாம் ஃபில்டரோடவே வரும்.

6. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

- ஷட்டர் கவுன்ட் கேளுங்க. நாம் ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கில் எடுப்போம்.
- மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓ 1600-ல் 30 செகண்ட் ஒரு ஷாட். சில வண்ணப் புள்ளிகள் இருப்பது சகஜம். பட்டை பட்டையா கோடு இருந்தால் வேண்டாம்.
- எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை எடுங்க. தூசு கரும்புள்ளியாகத் தெரியும், துடைக்கலாம். கீறல்னா விட்டுடுங்க.
- லென்ஸுக்குள் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் ஃபங்கஸ். கடலோர ஊர்களில் இது நிறைய.
- நட்பு வேற, பில் வேற. சீனியரிடம் வாங்கினாலும் இதெல்லாம் பார்த்துட்டே வாங்குங்க.

7. பணத்தை எப்படிப் பிரிக்கலாம்?

என் சிபாரிசு இது: மொத்த பட்ஜெட்டில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது. மீதியில் 50 மி.மீ. லென்ஸ், ஆடாத டிரைபாட், இன்டர்வல் டைமர், ஒரு கூடுதல் பேட்டரி. கடைசியாக, இருட்டான இடத்துக்கு பஸ் டிக்கெட். நகரத்து வானத்தின் வெளிச்சத்தை எந்த சென்சராலும் ஜெயிக்க முடியாது. ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து வைணு பாப்பு ஆய்வகத்தை அமைத்ததற்கு ஒரு காரணமும் அந்த இருட்டுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நமக்கு நல்ல சீசன்.

நம்ம அட்சரேகைக்கு ஒரு பரிசும் இருக்கு. ஒமேகா சென்டாரி என்ற பிரம்மாண்டமான நட்சத்திரக் கொத்து லண்டனில் இருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே வரவே வராது. நமக்குத் தெற்கே சுமார் 30 டிகிரி உயரத்துக்கு ஏறும். ஏப்ரல் ராத்திரியில், 50 மி.மீ. லென்ஸில், 4 செகண்ட் ஃபிரேம் நூறு எடுங்க. அதை ஸ்டாக் பண்ணிப் பார்த்த பிறகும் பாடிதான் குறைன்னு தோணினால், அப்போ இஎம்ஐ பக்கத்தைத் திறக்கலாம்.