இதயச் சிகிச்சையும் வைத்தியசாலைகளின் தர அங்கீகாரமும்

க.பொ.த. (சா/த) சுகாதாரமும் உடற்கல்வியும் – மேலதிக வாசிப்பு

மாணவர்களே, உங்கள் விடைத்தாளை நீங்களே திருத்திப் புள்ளி இட்டால் அப்புள்ளியைப் பிறர் நம்புவார்களா? நம்பமாட்டார்கள். அதனாலேயே உங்களை அறியாத ஒருவர் அதனைத் திருத்துகின்றார். வைத்தியசாலைகளுக்கும் இவ்வாறான ஒரு பரீட்சை உண்டு.

வரைவிலக்கணம்: ஒரு வைத்தியசாலையின் சேவைகள் முன்னரே எழுதப்பட்ட நியமங்களுக்கு அமைய நடைபெறுகின்றனவா என்பதை, அவ்வைத்தியசாலையைச் சாராத ஒரு நிறுவனம் நேரில் ஆராய்ந்து சான்று வழங்குதல் தர அங்கீகாரம் எனப்படும்.

1. இதயச் சிகிச்சைக்கு இது ஏன் அவசியம்?

இதயத்தசைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் முடியுரு நாடி அடைபடும்போது மாரடைப்பு ஏற்படுகின்றது. ஒட்சிசன் கிடைக்காத தசை நிமிடத்துக்கு நிமிடம் இறக்கின்றது. இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. ஆகவே சர்வதேச வழிகாட்டல்கள் கால எல்லைகளை விதித்துள்ளன. அவற்றுள் முக்கியமானவை:

(அ) நோயாளி வந்து 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுத்து வாசிக்கப்படல்.
(ஆ) நாடி முற்றாக அடைபட்டிருப்பின், 90 நிமிடங்களுக்குள் பலூன் மூலம் அடைப்பை நீக்கல்.
(இ) அதற்கு உரிய நேரத்தில் வசதி கிடைக்காவிடின், 30 நிமிடங்களுக்குள் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழங்கல்.

இங்கு ஒரு விடயத்தைக் கவனியுங்கள். நோயாளி வரிசையில் அரை மணி நேரம் காத்திருந்தால், மிகச் சிறந்த இதய வைத்திய நிபுணராலும் அந்த அரை மணி நேரத்தை மீட்டுத்தர முடியாது. வாயிற்காவலர், தாதியர், ஆய்வுகூடம், வைத்தியர் ஆகிய எல்லோரும் ஒரே சங்கிலியின் வளையங்கள். தர அங்கீகாரம் பரிசோதிப்பது இச்சங்கிலி முழுவதையுமே ஆகும்.

2. வரலாறு

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ற் கொட்மன், ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சையின் பின் என்ன நேர்ந்தது என்பதை வைத்தியசாலைகள் பதிந்து வெளியிட வேண்டும் என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலியுறுத்தினார். பின்னர் அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் கல்லூரி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டில்களைக் கொண்ட 692 வைத்தியசாலைகளை ஆராய்ந்தது. குறைந்தபட்ச நியமங்களைப் பூர்த்தி செய்தவை 89 மட்டுமே. தவறியவற்றுள் புகழ்பெற்ற வைத்தியசாலைகளும் இருந்தமையால், 1919இல் அப்பெயர்ப்பட்டியல் எரிக்கப்பட்டது. பெயரும் புகழும் தரத்துக்குச் சான்றாகா என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது. 1951இல் இப்பணிக்கெனத் தனி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் சர்வதேசக் கிளையே ஜே.சி.ஐ. ஆகும்.

3. அங்கீகாரம் பெறும் படிமுறை

(அ) வைத்தியசாலை நியமங்களைக் கற்றுத் தன் குறைகளைத் தானே இனங்காணல்.
(ஆ) நடைமுறைகளை எழுதி, ஊழியர்களைப் பயிற்றுவித்து, தரவுகளைச் சேகரித்தல்.
(இ) வெளி மதிப்பாய்வாளர்கள் வருகை தரல். இவர்கள் ஒரு நோயாளி வந்த நேரம் முதல் அவர் சென்ற ஒவ்வொரு பிரிவையும் பின்தொடர்ந்து ஆராய்வர்.
(ஈ) சான்று வழங்கல். ஜே.சி.ஐ. சான்று 3 வருடங்களுக்கே செல்லுபடியாகும். பின்னர் மீண்டும் பரீட்சை.

முழு வைத்தியசாலைக்கு மட்டுமன்றி, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்ற தனியொரு நோய்க்கான சிகிச்சைத் திட்டத்துக்கும் சான்று பெறலாம். ஆயினும் முதலில் வைத்தியசாலை முழுவதும் அங்கீகாரம் பெற்றிருத்தல் வேண்டும்.

4. எமது பிராந்தியத்தில்

இந்தியாவில் ஜே.சி.ஐ. அங்கீகாரத்தை முதலில் பெற்றது டில்லி இந்திரப்பிரஸ்தா அப்பலோ வைத்தியசாலை (2005). இலங்கையில் கொழும்பு நாரஹேன்பிட்டியிலுள்ள லங்கா ஹொஸ்பிட்டல்ஸ் உள்ளிட்ட தனியார் வைத்தியசாலைகள் பின்னர் இதனைப் பெற்றன.

5. வரையறைகள்

சான்று, ஒழுங்கான முறை உள்ளது என்பதையே காட்டும். ஒவ்வொருவரும் குணமடைவர் என்பதற்கு உத்தரவாதம் அன்று. சான்று பெறச் செலவும் அதிகம். எனவே சான்று இல்லாத அரச வைத்தியசாலை தரமற்றது என முடிவு செய்தல் தவறாகும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கடும் நெஞ்சுவலி ஏற்பட்டால், சான்றிதழைத் தேடி நேரத்தை இழக்க வேண்டாம். உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து வைத்தியரிடம் கூறுங்கள். சங்கிலியின் முதல் வளையம் நீங்களே.

மாதிரி வினாவும் விடையும்

வினா: தர மதிப்பீட்டை வைத்தியசாலை தானே செய்யாது வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது ஏன்? (2 புள்ளிகள்)
விடை: பழகிய குறைகள் தமக்குப் புலப்படாமற் போகலாம், பக்கச்சார்பற்ற முடிவையே பொதுமக்கள் நம்புவர்.

பயிற்சி

1. மாரடைப்புச் சிகிச்சையில் பின்பற்ற வேண்டிய கால எல்லைகள் இரண்டு தருக.
2. அங்கீகாரச் சான்று குறித்த காலத்துக்கு மட்டும் வழங்கப்படுவது ஏன்?
3. “சான்று பெற்ற வைத்தியசாலையில் எவரும் இறப்பதில்லை.” இக்கூற்றை ஆராய்க.